கிணற்றில் ஒரு கோடு, ஆற்றில் ஒரு கோடு

அன்று கிணற்றுமேட்டில் இருந்தவர்கள்: நிலத்துக்காரர் செங்கோடக் கவுண்டர், கல்யாணத்துக்கு நின்ற அவருடைய மகன் நல்லசாமி, ஊர் மணியகாரர், கோயில் பூசாரி, மின்சார ஆபீஸ் லைன்மேன், எங்கள் பட்டறை ஃபோர்மேன் ராஜரத்தினம், அவருக்குக் கீழே ஃபிட்டராக இருந்த நான். கவுண்டரின் பங்காளிகளும் மாமன் மச்சான்களும் வேடிக்கை பார்க்க வண்டி கட்டி வந்திருந்தார்கள். வராதவர்கள் ஆற்றங்கரைத் தெருக்காரர்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை. மேட்டு நிலத்துக் கிணற்றில் மோட்டார் வைப்பதற்கும் ஆற்றோரத்தில் குடியிருப்பவர்களுக்கும் என்ன இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். என் அக்கா மருதாயி அந்தத் தெருவில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

ஓய்வு பெற்ற பிறகும் ஆயுத பூசைக்கு என்னைப் பட்டறைக்குக் கூப்பிடுவார்கள். இந்த வருஷம் போனபோது, இன்ஜினியரிங் படித்துவிட்டு வந்திருக்கும் பிள்ளைகள் ஒரு படத்தை மேஜையில் விரித்துக் காட்டினார்கள். ஆற்றைக் குறுக்கே வெட்டினால் எப்படித் தெரியுமோ அப்படி ஒரு படம். பக்கத்தில் கிணறு. மண்ணுக்கடியில் நிற்கும் தண்ணீருக்கு நீலக் கோடு. கிணற்றில் இறைக்க இறைக்க அந்தக் கோடு கிணற்றுப் பக்கம் சரிந்து, ஆற்றுத் தண்ணீரும் அதோடு சேர்ந்து சரிவதை அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தார்கள்.

“இது உங்க காலத்துலயே தெரியுமுங்களா?” என்று ஒரு பெண் கேட்டாள்.

தெரியாது, ஆனால் பார்த்தோம் என்றேன். எதைப் பார்த்தீர்கள் என்று அவள் விடவில்லை. சாப்பாட்டு மணி அடித்த பிறகும் பேச்சு முடியவில்லை. எழுதிக் கொடுங்கள், பட்டறை ஆண்டு மலரில் போடுகிறோம் என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி நாலு வரி. என் அப்பா பண்ணையில் கவலை ஓட்டினார். கவலை என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது: மாட்டைச் சரிவில் ஓட்டினால் தோல்பறி தண்ணீரோடு மேலே வரும், மாட்டைப் பின்னுக்கு நடத்தினால் பறி மறுபடி கிணற்றில் இறங்கும். முன்னுக்கும் பின்னுக்குமாக நடந்தே அவருடைய ஆயுசு போனது. அவர் நாளெல்லாம் இறைத்த கிணற்றில் எங்கள் வீட்டுக் குடம் இறங்கக் கூடாது. அப்படிப்பட்ட காலம் அது. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். பாதிரியார் பள்ளியில் படிப்பு, பிறகு தொழிற்பள்ளி, பிறகு கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் ஒரு பம்பு பட்டறையில் வேலை. மாடில்லாமல் தண்ணீர் ஏறுகிறது என்று அப்பாவிடம் சொன்னபோது, “அதுக்குத் தீனி ஆரு வெக்கறாங்க?” என்று கேட்டார். நீலகிரி மலையிலிருந்து மின்சாரம் கோயமுத்தூருக்கு இறங்கி வந்த புதிது. அதன் தீனி எது என்று எனக்கும் அப்போது சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

ராஜரத்தினம் ஃபோர்மேன் கத்திப் பேசி யாரும் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் எல்லோருமே எல்லோருக்கும் ‘ங்க’ போடுகிறவர்கள்தான். ஆனால் அவருக்குக் கோபம் ஏற ஏற ‘ங்க’வும் ஏறும். “ஏனுங்க தம்பிங்க, அந்த நட்டு தானாவே முறுக்கிக்குமுங்களா?” என்று கேட்டால், ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும் என்று அர்த்தம். கிணற்றுக்குள் இறங்கும்போதும் வெள்ளைச் சட்டைதான் போடுவார். கறை படாமல் மேலே வருவார். ஒரு மரக்குச்சியை பேரிங்கின் மேல் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் செருமக்கூட மாட்டோம்.

பம்பு ஏற்றுவதற்கு அவர் ஒரு வரிசை வைத்திருந்தார். முதலில் கயிற்றில் கல்லைக் கட்டி விட்டுக் கிணற்றின் ஆழமும் தண்ணீரின் ஆழமும் பார்க்க வேண்டும். தண்ணீரிலிருந்து இருபதடிக்கு மேலே பம்பை வைத்தால் உறிஞ்சாது என்பதால், கிணற்றுச் சுவரிலேயே பாறையைக் குடைந்து மேடை கட்டி அதன்மேல் உட்கார வைப்போம். குழாயின் அடிவாயில், தண்ணீரை ஏறவிட்டு இறங்கவிடாத ஃபுட் வால்வு. அதிலுள்ள தோல் வாஷர் சரியாகப் படியாவிட்டால் குழாயில் ஊற்றிய தண்ணீர் நிற்காது. அப்போது மாட்டுச் சாணியைக் கரைத்து ஊற்ற வேண்டும். சாணி போய்ச் சந்தில் அடைத்துக்கொள்ளும். சீமையிலிருந்து வந்த மோட்டாருக்கு எங்கள் ஊர்ச் சாணி வைத்தியம் பார்த்தது. அதற்கப்புறம் ஓட்டம். தண்ணீர் ஓரிடத்தில் இறங்காமல் நிற்கும் வரை ஓட்டிப் பார்த்து, நின்ற இடத்தில் கிணற்றுச் சுவரில் தாரால் ஒரு கோடு போடுவார். ‘இதுக்குக் கீழே எறங்காது’ என்பதற்கு அந்தக் கோடுதான் அடையாளம். அது விழுந்தால்தான் மோட்டாரை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குவோம்.

செங்கோடக் கவுண்டர் ஊர் நொய்யலாற்றின் கரையில், கோயமுத்தூருக்குக் கிழக்கே இருந்தது. கோடையில் நொய்யல் ஓடாது. மணல் வெறிச்சென்று கிடக்கும். ஆனால் அங்கங்கே மடுக்கள் நிற்கும். கவுண்டர் கிணற்றுக்கு நேர் கீழே, கூப்பிடு தூரத்தில், அப்படி ஒரு மடு இருந்தது. நீர்மருது மரங்கள் வளைந்து அதன்மேல் நிழல் விழுத்திக்கொண்டிருக்கும். கெண்டை, கெளுத்தி, விரால், ஆமை எல்லாம் உண்டு. அதன் ஓரத்து மணலில்தான் ஆற்றங்கரைத் தெருப் பெண்கள் ஊற்றுக்குழி தோண்டிக் குடிதண்ணீர் எடுத்தார்கள். முழங்கை ஆழம் தோண்டினால் போதும். மணலில் வடிந்த தண்ணீர் கண்ணாடி மாதிரி ஊறி வரும். ஊர்க் கிணறு அவர்களுக்கு இல்லை. அந்தக் குழிதான் அவர்களுக்கு இருந்த ஒரே குடிதண்ணீர்.

கவுண்டருக்கு வேறு கவலை. எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் கிணற்றைப் பார்ப்பார்கள். நகை நட்டு, வீடு வாசல் எல்லாம் பிறகுதான். முந்தின கோடையில் ஒரு சம்பந்தம் பேச வந்தவர்கள் இந்தக் கிணற்றுமேட்டில் நின்றிருக்கிறார்கள். கவலை ஓட்டி மத்தியானத்துக்குள் தண்ணீர் அடியில் போய்விட்டிருந்தது. பெண்ணின் மாமன் ஒரு கூழாங்கல்லை உள்ளே போட்டுவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டானாம். “சத்தம் வந்து சேர ரொம்ப நேரமாகுதுங்க” என்று மட்டும் சொன்னானாம். மோர்கூடக் குடிக்காமல் வண்டியேறிப் போய்விட்டார்கள். பங்காளிகள் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்கள்.

அந்த வருஷமே கவுண்டர் கிணற்றை வெடி வைத்து ஆழப்படுத்தினார். ஆற்றுப் பக்கத்துப் பாறையில் வைத்த வெடியில் ஒரு பிளவு விழுந்து தண்ணீர் பீறிட்டது. கடப்பாரைகளை விட்டுவிட்டு ஆட்கள் ஏணியில் ஏறித் தப்பித்தார்களாம். பாதாள கங்கை திறந்துவிட்டது என்று பூசாரி தேங்காய் உடைத்தார். அதன் பிறகுதான் எங்களிடம் மோட்டாருக்குச் சொன்னார்கள்.

ஸ்விட்சு போட்டதும் மோட்டார் சுற்றியது, தண்ணீர் வரவில்லை. குழாய் கொரகொர என்று தொண்டையைச் செருமியது. “மோட்டாருக்கு வெக்கமாட்டம் இருக்குது” என்று கவுண்டரின் மச்சான் ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ஃபோர்மேன் ஸ்டார்ட்டரைத் திறந்து இரண்டு கம்பிகளை இடம் மாற்றினார். எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது நேரானது. அடுத்த தடவை தண்ணீர் வந்த வேகத்தில், தொட்டிக்கு முன்னால் கற்பூரத் தட்டோடு நின்ற பூசாரி முழுக்க நனைந்துவிட்டார். யானைத் துதிக்கை கனத்தில் விழுந்த அந்தத் தண்ணீரைப் பார்த்துக் கிழவர்கள் சிலர் கும்பிட்டார்கள். மெய்தான், எனக்கும் கும்பிடத் தோன்றியது. என் அப்பா வருஷக்கணக்காக நடந்து ஏற்றிய தண்ணீர் அது.

மறுநாள் தண்ணீர் ஓரளவுக்கு இறங்கி, பிளவுக்குச் சற்று மேலே நின்றுவிட்டது. அதற்குக் கீழே போகவே இல்லை. ஃபோர்மேன் காத்திருந்து பார்த்துவிட்டுத் தார்க்கோடு போட்டார். கவுண்டர் அதை எட்டி எட்டிப் பார்த்தார். வளர்பிறையில் புதுச் சம்பந்தக்காரர்கள் வருகிறார்கள், அதுவரை மோட்டாரை நிறுத்தவே வேண்டாம், ஓட ஓட இறங்காத கிணறு என்று அவர்கள் கண்ணால் பார்க்கட்டும் என்றார். புது மோட்டார் தொடர்ந்து ஓடிப் பழகுவது நல்லதுதான் என்று ஃபோர்மேனும் ஒத்துக்கொண்டார். உக்கடத்துக்கு அந்தப் பக்கம் ஓர் ஆலையில் அவருக்கு வேலை இருந்ததால், என்னைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போனார்.

நான் மோட்டார் கொட்டகையில் தங்கினேன். காக்கி நிக்கரும் எண்ணெய்க் கையுமாக இருந்த என்னை எல்லோரும் மேஸ்திரி என்றார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தக் கிணற்றுக்குள் நான் இறங்கியது பெரிய விவகாரமாகி, வேலையும் போயிருக்கும். அதனால் அக்கா வீட்டுப் பக்கம் நான் தலை காட்டவில்லை. வேலை முடிந்து போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

தண்ணீர் கரும்பை நனைத்தது, வாழையை நனைத்தது. அப்புறம் போக இடமில்லாமல் கரும்புக்காட்டின் கடைசியிலிருந்த கல்லாங்காட்டுப் பள்ளத்தில் விழுந்தது. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். ஒரு வாரம் போயிருக்கும். காலையில் தொட்டியில் முகம் கழுவினேன். முதல் நாள் பல் கூசுகிற குளிர்ச்சியாக இருந்த தண்ணீர் இப்போது வெதுவெதுவென்று இருந்தது. முகர்ந்து பார்த்தேன். பாசி வாசனை. பாதாளத்தில் பாசி எப்படி வளரும் என்று யோசித்தபடியே துடைத்துக்கொண்டேன். அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்குத்தான் அக்கா வந்தாள். வெறுங்குடங்களோடு இன்னும் இரண்டு பெண்கள் அவளோடு வந்து, மேட்டில் ஏறாமல் கீழே வரப்பிலேயே நின்றார்கள். கவுண்டர் தொட்டித் திட்டில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நான் ஸ்டார்ட்டர் பக்கத்தில் நின்றேன். அக்கா என்னைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“பண்ணாடி, மடு எறங்கிப்போச்சுங்க. ஊத்துக்குழி தோண்டத் தோண்ட வெறும் மணலா வருதுங்க.”

“சித்திரையில ஆறு வத்தாம என்ன பண்ணும் அம்மிணி?”

“ஆறு வத்துமுங்க. மடு வத்துனதில்லீங்க. பஞ்சத்துலகோட வத்துனதில்லீன்னு எம்பட மாமியா சொல்லுதுங்க. இந்த மோட்டாரு ஓட ஆரம்பிச்ச பொறகுதானுங்க…”

கவுண்டர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. குழந்தைக்குச் சொல்கிற மாதிரி எடுத்துச் சொன்னார். ஆற்றுத் தண்ணீர் மேலே ஓடுகிற தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் பூமிக்குள்ளிருந்து வருகிற தண்ணீர், அதற்கு வழி வேறு, இதற்கு வழி வேறு என்றார். அங்கிருந்த யாருக்கும் அதில் சந்தேகம் இல்லை. தொழிற்பள்ளியில் படித்த எனக்கும் அதற்கு மறுப்புச் சொல்ல ஒரு பாடமும் ஞாபகம் வரவில்லை.

அப்போது அக்கா என் பக்கம் திரும்பினாள்.

“ஏனுங்க மேஸ்திரி, நீங்க படிச்சவுங்க. இதைய ஒரு பொழுது நிறுத்திப் பாத்தாத் தெரிஞ்சுபோயிருமல்லங்க?”

என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அதுவரை ‘கண்ணு’ என்பதைத் தவிர வேறு சொல்லால் என்னைக் கூப்பிட்டதில்லை. நான் யாரென்று தெரிந்துவிடக் கூடாதென்று, குடிக்கத் தண்ணீர் இல்லாத நேரத்திலும் யோசித்து, எனக்கு ‘ங்க’ போட்டாள். 

ஒரு பகல் நிறுத்திப் பார்க்கலாம், மோட்டாருக்கும் நல்லது என்று கவுண்டரிடம் சொன்னேன்.

“பொண்ணு ஊட்டுக்காரங்க நாளன்னைக்கு வாராங்க மேஸ்திரி. அது வரைக்கும் ஓடியே தீரோணும். தண்ணிதான வேணும் இவிகளுக்கு? கரும்புக்காட்டுக் கடைசியில பள்ளத்துல உழுகுதே, போயி மோந்துக்கட்டும். நான் வாண்டாங்கல.”

கொடுக்கிறோம் என்ற நினைப்பில்தான் அவர் அப்படிச் சொன்னார். காட்டுக்குள் நடக்காமல் சுற்றிக்கொண்டு போனால் அந்தப் பள்ளம் வெகுதூரம். எருப் போட்ட கரும்புக்காட்டையெல்லாம் கழுவிக்கொண்டு வந்து, எருமைகள் புரளுகிற இடத்தில் விழுந்த தண்ணீர் அது. பெண்கள் அந்தப் பக்கமாகத் திரும்பி நடந்தார்கள்.

மத்தியானம் மோட்டாரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நல்லசாமியை உட்கார வைத்துவிட்டு ஆற்றுக்கு இறங்கினேன். சிறுவயதில் அக்காவின் கல்யாணத்தின்போது அந்த மடுவில் குளித்திருக்கிறேன். கால் எட்டாது. இப்போது அது ஒரு தாம்பாளம் அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. சுற்றிலும் கருஞ்சேறு. அந்தக் கொஞ்சம் தண்ணீருக்குள் மடுவின் மீன் அத்தனையும் வந்து நெருங்கி நின்றது. தண்ணீர் தெரியவில்லை, முதுகுகள்தான் தெரிந்தன. வாயை மேலே நீட்டிக் காற்றைக் குடித்தன. சேற்றில் மட்டிகள் ஊர்ந்து போன கோடு கோடாக இருந்தது. ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் ஒரு மட்டி வாய் பிளந்து கிடந்தது. நண்டுகள் பட்டப்பகலில் வளையை விட்டு வெளியே வந்து வரிசையாக மணலில் ஏறிப் போயின. எங்கே போகின்றன என்று திரும்பிப் பார்த்தேன். அந்தத் திசையில் தண்ணீரே இல்லை.

என்னை அதிர வைத்தது இதெல்லாம்கூட இல்லை. மடுவின் கிணற்றுப் பக்கத்துக் கரையில், பாறைக்கடியில், முன்பு ஓர் ஊற்றுக்கண் இருந்தது. குளிக்கும்போது அங்கே காலை வைத்தால் சில்லென்று மணல் கொப்பளித்து மேலே வரும். கோடையில் மடுவுக்குத் தண்ணீர் கரையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது என்று இப்போது தெரிகிறது. மிச்சத் தண்ணீர் அதை ஒட்டித்தான் நின்றது. அன்றைக்கு அந்தக் கண்ணின் மேல் ஒரு புங்க இலை மிதந்து வந்தது. கொப்பளிப்பு அதைத் தள்ளிவிடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இலை ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு உள்ளே இழுக்கப்பட்டது. மேலே என் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஃபோர்மேன் வந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். நம்புகிறாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. நேரே ஆற்றுக்கு நடந்தார். வெள்ளைச் சட்டையோடு சேற்றில் குப்புறப் படுத்து, கையைத் தோள்வரை அந்த ஊற்றுக்கண்ணின் பொந்துக்குள் விட்டார். கண்ணை மூடிக்கொண்டு, பேரிங் கேட்கிற மாதிரி, வெகுநேரம் அப்படியே கிடந்தார். எழுந்தபோது சட்டை முழுக்கக் கருப்பு. அதைத் தட்டிவிடக்கூட இல்லை.

“காலையில வந்தது உங்க அக்காளுங்களா?” என்றார்.

அக்காவைப் பற்றி அவரிடம் நான் சொல்லியிருக்கவே இல்லை. எப்படித் தெரியும் என்றேன்.

“வழியில குடத்தோட போறதப் பாத்தனுங்க. மூக்கு ஒண்ணாட்டம் இருக்குதுங்க.”

கிணற்றுமேட்டுக்கு வந்ததும் மோட்டாரை நிறுத்தினார். பிறகு பலகையிலிருந்த பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் மூன்றையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சத்தம் நின்றதைக் கேட்டுக் கவுண்டர் வேகமாக வந்தார். பின்னால் நல்லசாமி.

“ஏனுங்க, எம்பட மோட்டார நிறுத்த நீங்க ஆருங்க?”

“கையெழுத்தாகுற வரைக்கும் அது பட்டறைச் சாமானுங்க. சோதனை ஓட்டத்துல ஒரு கோளாறுங்க. நிறுத்தறதுதானுங்க முறைங்க.”

‘ங்க’வின் கணக்கிலிருந்து அவர் எவ்வளவு கோபத்தில் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. கவுண்டருக்குத் தெரியாது. மோட்டாரில் என்ன கோளாறு என்று கேட்டார்.

“மோட்டார்ல இல்லீங்க. எங்கிருந்து வார தண்ணின்னு தெரியாமயே நான் கோடு போட்டுட்டனுங்க.”

நாளை விட்டு மறுநாள் பெண் வீட்டுக்காரர்கள் வரும்போது ஓடாத மோட்டாரைக் காட்டினால் ஊர் சிரிக்கும் என்று கவுண்டர் கையைப் பிசைந்தார், பட்டறை முதலாளியிடம் போவேன் என்றார், கடைசியில் கெஞ்சவும் செய்தார். ஃபோர்மேன் அசையவில்லை. மோட்டார் நின்றால் மடு தேறிவிடும், இரண்டு நாளில் ஊற்றுக்குழியில் தண்ணீர் வந்துவிடும் என்று நாங்கள் இருவரும் நினைத்தோம். அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பெண் வீட்டார் சொன்னபடி வந்தார்கள். பெண்ணின் தகப்பனார் நிதானமான மனிதர். வந்ததும் வராததுமாகக் கிணற்றுமேட்டுக்கு ஏறினார். கவுண்டர் முகம் செத்துப்போயிருந்தது. வந்தவர் எட்டிப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம்.

தண்ணீர் ஏறியிருந்தது. தார்க்கோடு எங்கோ கீழே மூழ்கிவிட்டது. பம்பு மேடையையும் தொடுகிற அளவுக்கு வந்திருந்தது. ஒரு வாரத்துக்கு மேலாக நிற்காமல் இறைத்த கிணறு என்று மணியகாரர் எடுத்துச் சொன்னார். பெண்ணின் தகப்பனார் ஒரு கூழாங்கல்லைப் போட்டார். சத்தம் உடனே வந்தது. அவர்கள் மோர் குடித்து முடிப்பதற்குள் இன்னொரு கல்படி நனைந்தது.

“இத்தன எறச்சும் இப்பிடி ஊறுதுங்களா!” என்றார் அவர். “இந்த ஊட்டுக்குப் புள்ளையக் குடுக்கலாமுங்க.”

அங்கேயே வெற்றிலைத் தட்டு மாறியது. கவுண்டர் ஃபோர்மேனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஃபோர்மேன் வேண்டுமென்றே மோட்டாரை நிறுத்தி இந்தக் காட்சியை உண்டாக்கிக் கொடுத்ததாக நினைத்துவிட்டார். ஃபோர்மேன் கையை உருவிக்கொண்டு, ஏறிக்கொண்டிருந்த தண்ணீரையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. ஆற்றுக்கு ஓடினோம்.

மடுவில் தண்ணீர் இல்லை. தாம்பாளம் அளவுகூட இல்லை. மீன்கள் வெள்ளை வயிறு மேலே தெரிய ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. வாலை அடித்துக்கொண்டிருந்த ஒன்றிரண்டும் நாங்கள் பார்க்கும்போதே ஓய்ந்தன. நாங்கள் நிறுத்தியது மோட்டாரை மட்டும்தான். ஒரு வாரம் இறைத்ததில் கிணற்றைச் சுற்றிய பூமி முழுக்கக் காலியாகியிருந்தது. அது நிறைந்தாக வேண்டும். பக்கத்தில் மிச்சமிருந்த தண்ணீர் மடுவும் ஆற்று மணலுக்கடியில் நின்றதும்தான். அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்துத்தான் கிணறு அந்தப் பெரியவர் கண்முன்னால் ஏறியது. ஊற்றுக்குழிகளில் ஆள் உயரத்துக்குத் தோண்டியிருந்தார்கள். அடியில் மணல் ஈரமாக மட்டும் இருந்தது. குழிக்குள் ஒரு கிழவி சிரட்டையோடு உட்கார்ந்து ஊறுவதற்குக் காத்திருந்தாள்.

கரும்புக்காட்டுப் பள்ளத்துத் தண்ணீரைக் குடித்த வீடுகளில் வயிற்றுப்போக்கு கண்டது. மோட்டார் நின்றதால் அந்தத் தண்ணீரும் நின்றுபோனது. ஊர்க் கிணற்றில் யாராவது மொண்டு ஊற்றினால் போதும் என்று தெருக்காரர்கள் போய்க் கேட்டார்கள். ஊரில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். பேசிக்கொண்டே இருந்தார்கள். நானும் ஃபோர்மேனும் பட்டறை வண்டியில் பீப்பாய் வைத்துச் சில நாள் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினோம். ‘பம்பு பட்டறையா, தண்ணிப் பந்தலா’ என்று முதலாளி கேட்டதோடு அதுவும் நின்றது. அந்த நேரம் பார்த்து ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி வந்தான். அங்கே எங்கே திரும்பினாலும் தண்ணீர் என்று சொன்னான். வேறெதுவும் அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அக்கா புறப்படும் அன்று போயிருந்தேன். இனி யார் பார்த்தால் என்ன என்று தெருவுக்குள்ளேயே போனேன். சட்டி பானையை மூட்டை கட்டியிருந்தாள். மழை வந்தால் மடு நிறைந்துவிடும், இன்னும் கொஞ்ச நாள் பொறு என்றேன்.

“மழ வார வரைக்கும் எதையக் குடிக்கறது கண்ணு?” என்றாள்.

அந்தக் ‘கண்ணு’க்கு முன்னால் என்னால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். கிறுக்குத்தனம் பண்ணாதே, வீட்டில் ஒருத்தனாவது படித்திருக்கிறாய், இனிமேல் மோட்டார் வைக்கிற இடத்தில் முதலில் ஆற்றுக்கு இறங்கிப் பார்த்துவிட்டு வை என்றாள். மூட்டையைத் தலையில் ஏற்றிவிட்டேன். அதற்கப்புறம் நான் அவளைப் பார்க்கவில்லை. மலைக்காய்ச்சலில் போய்விட்டதாகப் பிறகு ஆள் வந்து சொன்னது.

ஃபோர்மேன் தன் வரிசையை அதோடு மாற்றிவிட்டார். ஆறோ ஓடையோ பக்கத்தில் இருந்தால், கிணற்றில் ஒரு கோடு, ஆற்றுப் பாறையில் ஒரு கோடு. மோட்டார் ஓடும்போது கிணற்றுக் கோட்டைப் பார்க்கிற ஆள் ஒருவன், ஆற்றுக் கோட்டைப் பார்க்கிற ஆள் ஒருவன். ஆற்றுக் கோட்டிலிருந்து தண்ணீர் இறங்கினால் பெரிய மோட்டார் கிடையாது, அல்லது கோடையில் ஓட்டம் கிடையாது. இந்தப் பிடிவாதத்தால் பல ஆர்டர்கள் போட்டிப் பட்டறைகளுக்குப் போயின. அவருக்குப் பிறகு நான் ஃபோர்மேன் ஆனபோதும் அதை விடவில்லை. ‘ஆத்தக் கேட்டுட்டு வந்துதான் மோட்டார் குடுப்பாரு’ என்று என்னைக் கேலி பேசாத வியாபாரி கிடையாது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அந்த இன்ஜினியர் பெண், அந்த ஒரு சோதனை ஓட்டத்தில் மொத்தம் எவ்வளவு சேதம் என்று கேட்டாள். அவள் எழுதிக்கொள்ளத் தயாராக இருந்தாள். பதிலை இங்கே சொல்கிறேன். மோட்டாருக்குச் சேதமில்லை, மழைக்கப்புறம் கையெழுத்தாகி, கரும்பு வெட்டும் வரை நன்றாக ஓடியது. கவுண்டருக்குச் சேதமில்லை, நல்லசாமி கல்யாணம் ஆவணியில் நடந்தது. மடுவுக்கு ஐப்பசியில் தண்ணீர் வந்தது. மறு வருஷம் மேலாற்றிலிருந்து கெண்டை இறங்கி வந்தது. மட்டி வர இன்னும் நாள் பிடித்தது. ஊற்றுக்குழி இருந்த இடத்தில் முழங்கை ஆழம் தோண்டினால் பழையபடி கண்ணாடி மாதிரித் தண்ணீர் வந்தது. நான் தோண்டிப் பார்த்தேன். குடம் கொண்டுவரத்தான் ஆளில்லை. ஆற்றங்கரைத் தெருவில் இருபத்தாறு வீடு இருந்தது. இருபத்தாறும் போயிற்று.